இடைவெளி விட்டுக் குடித்தால் போதுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருதய வால்வு மாற்றப்பட்டதால் வார்ஃபரின் எடுக்கிறார். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும், பிரஷருக்கு லொசார்ட்டனும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டடினும் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். இரண்டு மாதமாக விடியற்காலையில் கொலகெந்த என்ற இலைக்கஞ்சி குடிக்கிறார்; அண்ணா கண்டியிலிருந்து வாங்கிவந்த, கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் மரக்கோப்பையில் இரவு ஊற்றிவைத்த தண்ணீரையும் குடிக்கிறார்; குளிர் காலத்தில் கொத்தமல்லியோடு வெனிவெல்கெட்ட, அதாவது மரமஞ்சள், அவித்த கசாயமும் உண்டு. குளிசைக்கும் இவற்றுக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி, இடைவெளி விட்டால் ஆபத்து நீங்கிவிடுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். சிலவற்றுக்கு நீங்கும். உங்கள் அம்மா குடிப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீங்காது.

நான் வைத்தியரல்ல, மருந்தாளர். அரச வைத்தியசாலைகளின் மருந்துப் பிரிவுகளில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, இப்போது ஹட்டனில் ஒரு பார்மசியில் இருக்கிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அவருடைய கிளினிக் கொப்பியும் என் கையில் இல்லை. ஆகவே எந்தக் குளிசையையும் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்ல மாட்டேன். எது நிச்சயம், எது சந்தேகம், எதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பதைப் பிரித்துக் காட்ட மட்டும் முயல்கிறேன்.

இடைவெளி எங்கே உதவும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். மருந்தும் பானமும் வயிற்றுக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மருந்து குருதிக்குள் போக முடியாமல் தடைப்படும்போது இடைவெளி உதவும். இதற்கு நம் மலைநாட்டில் மூலிகையெல்லாம் தேவையில்லை, நம்முடைய தேத்தண்ணியே போதும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கு மேல் குறைகிறது என்பது 1970களிலிருந்தே அளந்து காட்டப்பட்ட விடயம். உங்கள் அண்ணி கர்ப்பிணியாக இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை அவர் சாயத்தண்ணியோடு விழுங்குகிறாரா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். கொழுந்து எடுக்கப் போகும் அவசரத்தில் காலைத் தேத்தண்ணியோடு எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது நம் லயங்களில் அன்றாடம் நடப்பது. மாதக்கணக்கில் குளிசை எடுத்தும் இரத்தம் கூடவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். குளிசையை வெறும் தண்ணீரோடு எடுத்து, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தேத்தண்ணியை விலக்கினால் போதும். கல்சியம் குளிசையையும் அதோடு சேர்க்காமல் வேறொரு வேளைக்கு மாற்ற வேண்டும். தைரொயிட்டுக்குக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரையோ கோப்பியையோ தொட வேண்டும். இந்த வகைச் சிக்கலுக்கு மட்டும் கடிகாரம் உதவும்.

மற்ற வகைகளில் விடயம் வயிற்றைத் தாண்டி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் குருதிக்கும் போய்விடுகிறது. அங்கே காலையில் குடித்தது மாலைக் குளிசையைச் சந்திக்காது என்று சொல்ல முடியாது. இதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு பழச்சாறுதான். கனடாவில் ஒரு பிரஷர் மருந்தையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃபுரூட் சாற்றைக் கலந்தார்கள். எதிர்பாராத விதமாக மருந்தின் அளவு குருதியில் பன்மடங்கு ஏறியது. குற்றவாளி மதுவல்ல, சாறு என்பது 1991இல் உறுதியானது. குடலின் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தச் சாறு செயலிழக்கச் செய்கிறது. உடல் புதிய நொதியை உருவாக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், காலையில் சாறும் இரவில் குளிசையும் என்று பிரிப்பதில் பயன் குறைவு. அட்டோர்வாஸ்டடினும் அந்த நொதி சிதைக்கும் மருந்துதான். நம் பக்கத்து ஜம்போலவும் அதே குடும்பத்துப் பழம், அதே வகைப் பொருட்கள் அதிலும் உண்டு. ஆகவே உங்கள் அம்மா அதன் சாற்றை நாள்தோறும் குடிக்கும் பழக்கத்தைத் தொடங்காமலிருப்பது நல்லது.

இனி வார்ஃபரினுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது இதனால்தான். இரத்தம் உறைவதற்கான சில புரதங்களை ஈரல் உருவாக்குவதற்கு விற்றமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த விற்றமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. மருந்து ஒரு பக்கம், உணவில் வரும் விற்றமின் கே மறுபக்கம் என்று தராசு போல நிற்கும் இந்த நிலையைத்தான் கிளினிக்கில் ஐஎன்ஆர் என்ற எண்ணாக அளக்கிறார்கள். வால்வு மாற்றியவர்களுக்கு, எந்த வால்வு என்பதைப் பொறுத்து, அது பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். கூடினால் எங்காவது இரத்தம் கசியலாம். கொலகெந்த என்பது வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, கறிவேப்பிலை, சாத்தாவாரி என்று கிடைக்கும் இலையை இடித்துச் சாறு பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு கலப்பது. கரும்பச்சை இலைகள்தான் விற்றமின் கேயின் முதன்மையான ஊற்று. அந்த விற்றமின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும், அதற்குத் தேங்காய்ப்பால் துணை செய்கிறது; சூட்டிலும் அது எளிதில் அழியாது. ஆக, இரண்டு மாதத்துக்கு முன் இல்லாத ஒரு கோப்பை விற்றமின் கே நாள்தோறும் உள்ளே போகத் தொடங்கியிருக்கிறது. வார்ஃபரினை இரவு எட்டு மணிக்கும் கஞ்சியைக் காலை ஆறு மணிக்கும் எடுத்தாலும் இந்த இழுபறி நிற்கப்போவதில்லை.

அப்படியென்றால் நாளையே கஞ்சியை நிறுத்தச் சொல்லலாமா? கூடாது. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது நான் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வால்வு மாற்றிய ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு வார்ஃபரினைக் கையில் கொடுக்கும்போது, புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்புவித்து, பச்சை இலை எதையும் இனித் தொடாதீர்கள் என்றேன். அவர் லயத்துக்குப் பின்னால் பாத்திகட்டிப் பொன்னாங்காணி வளர்த்து, அநேகமாக நாள்தோறும் சாப்பிட்டு வந்தவர். அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் அவருடைய மருந்தின் அளவு தீர்மானிக்கப்பட்டிருந்தது. அடுத்த கிளினிக்குக்கு அவர் வந்தபோது மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார்; கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்கின் கயிறு இறுகும் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையாக நீலம் பாரித்திருந்தது. ஐஎன்ஆர் 6ஐத் தாண்டியிருந்தது. வார்டில் வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். "நீங்க சொன்னதத்தான் ஐயா செஞ்சேன்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. இலையை விலக்க வேண்டும் என்பதல்ல, இலையின் அளவு வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது என்பதுதான் சரியான அறிவுரை என்பதை நான் படித்துக்கொண்டது அவருடைய உடம்பில்.

ஆகவே உங்கள் அம்மா இப்போது குடிக்கும் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்துக்கொண்டு, வழக்கமான திகதிக்குக் காத்திராமல் இந்த வாரமே ஐஎன்ஆர் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த எண்ணைப் பார்த்து வைத்தியர் மருந்தைத் திருத்தலாம், அல்லது கஞ்சியைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம். மாற்றம் எதுவானாலும் அதன் விளைவு ஐஎன்ஆரில் தெரியச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பரிசோதனைக்குப் போகாமல் விடுபவர்கள்தான் அதிகம். இன்னொன்று: நாம் குடிக்கும் தேத்தண்ணியால் வார்ஃபரின் கெடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தேயிலையில் விற்றமின் கே உண்டு, ஆனால் அது வடித்த நீரில் மிகக் குறைவாகவே இறங்கும். பச்சைத் தேநீரால் ஐஎன்ஆர் சரிந்ததாக 1999இல் பதிவான ஒருவர், நாளொன்றுக்கு அரை கேலனிலிருந்து ஒரு கேலன் வரை குடித்தவர்.

அடுத்து கொத்தல ஹிம்புட்டு. இதைப் பொன்கொரண்டி என்று சொல்பவர்களும் உண்டு. இதை வெறும் நம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். மாச்சத்தையும் சீனியையும் குளுக்கோசாக உடைக்கும் குடல் நொதிகளை இந்தக் கொடி தடுக்கிறது. அதற்குக் காரணமான பொருளை ஜப்பானியர்கள் 1990களில் பிரித்தெடுத்து, தாவரத்தின் பெயரையொட்டியே சலசினோல் என்று பெயரிட்டார்கள். இலங்கையில் 51 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது தெரியாத முறையில் நடத்திய ஆய்வொன்றில், இதைத் தேநீராக மூன்று மாதம் குடித்த காலத்தில் அவர்களுடைய எச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எண், குறைந்திருந்தது. ஆகவே இது வேலை செய்யும் பொருள். அதனால்தான் கவனமும் தேவை. மெட்ஃபோர்மின் தனியாக இருந்தால் சீனி அபாயமாக இறங்குவது அரிது. ஆனால் கிளிக்லசைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்யும். அதோடு இதுவும் சேர்ந்து, அன்றைக்குக் காலைச் சாப்பாடும் தாமதமானால், பதினொரு மணியளவில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரலாம். இங்கேயும் இடைவெளி உதவாது, ஏனெனில் இரண்டும் வயிற்றில் சண்டை போடவில்லை. ஒரே திசையில் இழுக்கின்றன.

இதில் பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்றிருக்கிறது. சீனி இறங்கினால் நாம் செய்வது ஒரு கோப்பை தேத்தண்ணியில் அள்ளிப் போட்டுக் கொடுப்பது, அல்லது கித்துள் கருப்பட்டியைக் கடிக்கக் கொடுப்பது. ஆனால் சீனியை உடைக்கும் நொதி தடைபட்டிருக்கும்போது அந்தச் சீனி குருதிக்குள் சேர நேரம் எடுக்கும். இதே விதத்தில் வேலை செய்யும் அக்கர்போஸ் குளிசை எடுப்பவர்களுக்கு, சீனியை அல்ல, குளுக்கோஸ் மாவையே கொடுக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. மரக்கோப்பை நீரைக் குடிப்பவர்களுக்கும் அதையே கடைப்பிடிப்பது புத்திசாலித்தனம். ஒரு பெட்டி குளுக்கோஸ் வீட்டில் இருக்கட்டும். மூன்று, நான்கு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும். ஆய்வில் கொடுக்கப்பட்டது அளந்து தயாரித்த தேநீர் என்பதையும் மறக்கக் கூடாது. மரக்கோப்பையிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பது மரத்தையும், எத்தனை இரவு பாவித்த கோப்பை என்பதையும் பொறுத்தது. புதுக் கோப்பை முதல் வாரத்தில் கொடுப்பதை ஆறாம் மாதத்தில் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாகற்காய்ச் சாறு, தெபு இலை என்று இன்னும் எதையாவது யாராவது சொன்னால் அவற்றையும் இதன் மேல் அடுக்க வேண்டாம். நீரிழிவுக் குளிசையோடு பாகற்காய் சேர்ந்து சீனியை மேலும் இறக்கியதை 1979இலேயே வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வெனிவெல்கெட்டதான் எனக்குச் சந்தேகம் கூடுதலாக உள்ள இடம். அதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின். ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் பெர்பெரினை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் மூன்று நொதிகளின் வேகம் குறைந்தது. அவற்றில் ஒன்றின் வேகத்தை அளக்க அவர்கள் கொடுத்த மருந்து லொசார்ட்டன்தான். அது உடலில் முழு வீரியத்துக்கு மாறுவதும் அதே நொதியால்தான், வார்ஃபரினும் கிளிக்லசைடும் பெருமளவு சிதைவதும் அதே நொதியால்தான். இதுவரை நிச்சயம். சந்தேகம் எங்கேயென்றால், ஒரு துண்டு வெனிவெல்கெட்டயை அவித்த கசாயத்தில் அந்த அளவு பெர்பெரின் வருகிறதா என்பதில். தடிமனுக்கு இரண்டு மூன்று நாள் ஒரு கோப்பை குடிப்பதும், கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் செய்ததுபோல் மாதக்கணக்கில் காலையும் மாலையும் குடிப்பதும் ஒன்றல்ல. என் தீர்ப்பு இது: வார்ஃபரின் எடுப்பவர் வெனிவெல்கெட்டயை விட்டுவிட்டு, கொத்தமல்லியையும் இஞ்சியையும் மட்டும் அவித்துக் குடிக்கலாம். தடிமனுக்கு ஆறுதல் தருவது பெரும்பாலும் அந்தச் சூடும் மணமும்தான். கறிக்குப் போடும் அளவில் கொத்தமல்லியும் இஞ்சியும் இந்த மருந்துகளைக் குழப்பியதாக நம்பத்தக்க சான்று எதையும் நான் பார்த்ததில்லை. பெலிமல், அதாவது வில்வப்பூ, தேநீரையும் அளவோடு குடித்தால் நான் தடுக்க மாட்டேன். பக்கெட்டில் வரும் பானங்களில் மட்டும் அதிமதுரம், அதாவது வெல்மி, இருக்கிறதா என்று பாருங்கள். நாள்தோறும் குடித்தால் அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

சான்றுகளை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆவாரம்பூத் தேநீர், நம் கடைகளில் ரணவரா என்று விற்பது, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபினின் அளவைக் குருதியில் ஏறத்தாழப் பாதியளவு கூட்டியது என்று இலங்கை ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். முடக்கொத்தானோடு பார்த்தபோது அப்படி நிகழவில்லை. ஆனால் அது எலிகளில். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று நான் எழுதமாட்டேன். வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அந்தத் தேநீரை நான் விற்கவும் மாட்டேன். நட்டம் ஒரு பக்கம் தேநீர், மறுபக்கம் மனிதர் என்னும்போது முழுச் சான்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இறுதியாகச் சிறுநீரகம். சீனியும் பிரஷரும் பல ஆண்டு இருந்தவர்களுக்கு அது தெரியாமலே தேய்ந்துகொண்டு வரும், மெட்ஃபோர்மினை வெளியேற்றுவதும் அதுதான். சீனிக்கு நல்லதென்று காமரங்காச் சாற்றையும் பிலிங்காய்ச் சாற்றையும் கோப்பை கோப்பையாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை இலங்கை வைத்தியர்கள் வைத்தியச் சஞ்சிகைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடுகிறது. இந்த இரண்டையும் அம்மாவுக்கு முற்றாக விலக்குங்கள், இதில் எனக்கு ஐயமில்லை. செவ்விளநீர் அப்படிப்பட்டதல்ல, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. லொசார்ட்டனும் பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தால் நாள்தோறும் குடிப்பது நல்லதல்ல.

"மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது" என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் வாதாட வேண்டாம். வார்ஃபரினே ஒரு தீவனச் செடியிலிருந்து வந்த கதைதான் என்று சொல்லிப் பாருங்கள்: அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன, அந்தக் காரணியைத் தேடிப் போன இடத்திலிருந்துதான், முதலில் எலி மருந்தாகவும் 1950களில் மனிதருக்கான மருந்தாகவும் இது வந்தது. மாடு வளர்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்குவதைக் கண்டிருக்கிறேன்.

கிளினிக்கில் திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் இவற்றை மறைக்கிறார்கள். வைத்தியரும் நூறு பேருக்கு நடுவில் கேட்பதில்லை. அதனால் நீங்களே ஒரு தாளில், என்ன பானம், எந்த இலை, எத்தனை கோப்பை, எப்போதிருந்து என்று தமிழில் எழுதி, அதைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அண்ணா இந்த வாரம் அம்மாவை ஐஎன்ஆருக்குக் கூட்டிப்போகும்போது அந்த மரக்கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். அதற்கிடையில் முரசில் இரத்தம், மலம் தார்போல் கறுத்துப் போதல், சிறுநீர் சிவத்தல், காரணமில்லாத நீலத் தழும்பு, கடும் தலையிடி, ஒரு பக்கம் கையோ வாயோ இழுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் திகதி பார்க்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளிக்லசைடின் அளவையும், கடைசியாகப் பார்த்த ஐஎன்ஆர், கிரியேட்டினின் எண்களையும் கொப்பியிலிருந்து பார்த்து எழுதினால், வைத்தியரிடம் எதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்பதை இதன் கீழேயே சொல்கிறேன்.